அரை இறுக்கம்

இயந்திரம் கற்றவர்களைப் பற்றி நாம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் பிரிப்பதைப் பற்றியவை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டித்தான் தொழில் கற்றார் என்பது கொங்கு நாட்டில் பலரும் அறிந்த கதை. சொல்பவர்களின் குரல் 'அக்கக்காக' என்ற இடத்தில் உயரும். 'மறுபடி பூட்டி' என்பது ஒரே மூச்சில் கடந்துபோகும். கழற்றுவதில் துணிச்சல் இருக்கிறது, மூடியிருந்ததைத் திறந்து பார்க்கும் ஆவல் இருக்கிறது. பூட்டுவதில் என்ன இருக்கிறது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதுதானே?

அப்படித்தான் தோன்றும், வீட்டு போர்ட்டிகோவில் ஒரு பழைய கார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கிவைக்கும் வரை. கழற்ற ஒரு செட் ஸ்பேனரும் கொஞ்சம் முரட்டுத்தனமும் போதும். திரும்பப் பூட்டும்போதுதான் ஒரு விஷயம் புலப்படும். ஒரு பாகத்தை அதன் இடத்தில் உட்காரவைப்பது வேலையின் சிறு பகுதி. உட்கார்ந்ததை எவ்வளவு இறுக்குவது, எந்த வரிசையில் இறுக்குவது, எத்தனை தவணையில் இறுக்குவது என்பதில்தான் மீதி முழுவதும் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவருக்கு இது கையில் ஊறிய பழக்கம். அவர் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் செய்பவனுக்கு அந்தக் கை கிடையாது. மேனுவல் சொல்கிறபடிதான் அவன் செய்தாக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் 'ஏன்' என்று கேட்டு நிற்கவும் அவனுக்கு நேரம் இருக்கிறது. வீட்டில் எஞ்சின் பூட்டுவதால் பணம் மிச்சமாகிறதோ இல்லையோ, இந்த 'ஏன்' மிச்சமாகிறது.

போல்ட் என்றால் ஆணிக்கு மரை போட்டதுபோல ஒன்று என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சிதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இழுத்த அளவுக்கு எதிர்விசை என்ற இந்த விதியை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டு வைத்தார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்ற கவலை. 1678-ல் அவரே புதிரை விடுவித்தார். பள்ளிக்கூடத்தில் எடைக்கல் தொங்கும் சுருள்வில்லை வைத்து நாம் படித்த அதே ஹூக் விதி, காரின் பானெட்டுக்குள் சுருள் இல்லாத வில்களாக நிமிர்ந்து நிற்கிறது.

அந்த வில் எவ்வளவு நீள்கிறது? 10 மி.மீ. குறுக்களவும் 100 மி.மீ. நீளமும் கொண்ட உறுதியான எஃகு போல்ட்டை 3 டன் விசை வரும்வரை இறுக்கினால், ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் மில்லிமீட்டர்தான் பிடிமானம் அத்தனையும்.

மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம் 68.5 மி.மீ. எரிபொருள் வெடிக்கும் கணத்தில் உள்ளே 50 பார் அழுத்தம் என்று வைத்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டுமே ஹெட்டை ஒன்றே முக்கால் டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மேலே தள்ளுகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது. ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருப்பதோ ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாத கேஸ்கெட். ஒரு பக்கம் நெருப்பு, அதை ஒட்டித் தண்ணீர், இன்னொரு ஓட்டையில் ஆயில். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த மெல்லிய தகடுதான். அதை எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அழுத்தி வைப்பது போல்ட்களின் வேலை. ஓரிடத்தில் பிடி குறைந்தால் நெருப்பு முதலில் அங்கேதான் வழி தேடும். பிறகு ரேடியேட்டரில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிறிய குழம்பு ஒட்டியிருக்கும்.

இங்கே பொதுப்புத்திக்கு ஒவ்வாத ஒரு செய்தி உண்டு. அதிகம் இறுகிய போல்ட்தான் முதலில் உடையும் என்று நினைப்போம். வேலை செய்யும் எஞ்சினில் பெரும்பாலும் தளர்ந்த போல்ட்தான் உடைகிறது. நன்றாக இறுகியிருக்கும் போல்ட்டுக்கு வெடிப்பின் ஏற்ற இறக்கம் அதிகம் தெரியாது. பாகங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் அந்த அதிர்ச்சியில் பெரும்பங்கை அவையே வாங்கிக்கொள்கின்றன. தளர்ந்த போல்ட் ஒவ்வொரு வெடிப்பையும் நேரடியாக வாங்குகிறது. இழுபட்டுத் தளர்ந்து, இழுபட்டுத் தளர்ந்து, லட்சக்கணக்கான முறைக்குப் பின் களைத்து முறிகிறது. தன்மேல் பாரம் ஏற்காமல் நழுவிய போல்ட்டுக்குத்தான் கடைசியில் முழு அடியும்.

ஸ்டெப்னி மாற்றிய எல்லோருக்கும் இறுக்கும் வரிசையின் முதல் பாடம் தெரியும். நான்கு நட்டில் ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. பக்கத்தில் இருப்பதைத் தொடக் கூடாது. ஹெட்டில் இந்தப் பாடம் பெரிதாகிறது. நடுவில் இருக்கும் போல்ட்டில் தொடங்க வேண்டும். அங்கிருந்து இடமும் வலமும் மாறி மாறி, ஓரங்களை நோக்கி விரிந்துகொண்டே போக வேண்டும். கேஸ்கெட் நடுவிலிருந்து வெளியே படிந்துகொண்டு வரும், அதில் இருக்கும் சிறு மேடும் நெளிவும் ஓரம் வழியாக வெளியேறும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தால் அந்த நெளிவு போக இடமில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். கழற்றும்போது இதைத் தலைகீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்குச் செய்ய வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கவும் வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் உலோகம். சூடாக இருக்கும்போது தாறுமாறாகத் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடும். அந்த வளைவு 0.05 மி.மீ.க்கு மேல் போனாலே பல மேனுவல்கள் ஹெட்டை லேத்துக்கு அனுப்பச் சொல்கின்றன.

வரிசையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தவணை. கடைசியில் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டுமென்றால் முதல் சுற்றில் எல்லா போல்ட்டையும் 20-க்கு இறுக்க வேண்டும், அடுத்த சுற்றில் 40-க்கு, மூன்றாவதில் 60-க்கு. நேராக 60-க்கே போனால் என்ன? கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டும் 60 தொட்டுவிடுகிறதே?

தொடுகிறது, ஆனால் தொட்ட இடத்தில் நிற்பதில்லை. முதல் போல்ட்டை முழுதாக இறுக்கியபோது அது மட்டுமே கேஸ்கெட்டை அமுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து போல்ட்டை இறுக்கியதும் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் நசுங்கியது. முதல் போல்ட் நீள வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்தது. கால் மில்லிமீட்டரை நம்பி வாழும் ஒன்றுக்கு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் போனாலும் பெரிய இழப்பு. நாம் அதைத் தொடவே இல்லை, பக்கத்தில் இருப்பதைத்தான் தொட்டோம், ஆனாலும் அது தளர்ந்துவிட்டது. ஹெட்டில் எட்டு போல்ட் என்றால், எட்டாவது போல்ட்டை இறுக்கி முடிக்கும்போது முதல் போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு போல்ட்டின் இறுக்கம் அந்த போல்ட்டுக்குச் சொந்தமானதல்ல என்பதுதான் இதன் பொருள். அது மற்ற ஏழும் சேர்ந்து தரும் இறுக்கம். ஒன்றை மட்டும் சரியாக இறுக்குவது என்ற செயலே கிடையாது. எட்டையும் சேர்த்து இறுக்கத்தான் முடியும், ஆனால் கை ஒன்றுதான் இருக்கிறது. அந்த முரணிலிருந்து பிறந்த வழிதான் தவணை. நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தரப்பட்டது இதற்கு நேர் எதிரான பாடம். எடுத்த காரியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு, அரைகுறையாக விடாதே. தனித்தனியாக நிற்கும் காரியங்களுக்கு அது பொருந்தும். ஒன்றின் நிலை மற்றொன்றால் மாறும் இடத்தில், ஒன்றை முடிக்கும் முனைப்பே மற்றவற்றைக் கெடுக்கும். அங்கே அரைகுறையாக விடுவதுதான் ஒழுங்கு. எல்லாவற்றையும் கொஞ்சம், மறுபடி எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம். இதைச் செய்துபார்க்கும்போது முதல் சுற்று ஒருவித வேதனை. போல்ட் இன்னும் சுற்றத் தயாராக இருக்கிறது, கையும் தயாராக இருக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டு நகர வேண்டும்.

மிருதங்கத்தைச் சுருதி கூட்டுபவரைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு அந்நியமில்லை. அவர் வலந்தலையின் பின்னலில் கல்லையும் கட்டையையும் வைத்து ஒரு தட்டு தட்டுவார், விரலால் தட்டி ஒலியைக் கேட்பார், வாத்தியத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் போவார். வார் கோத்த ஒரு கண்ணில் சுருதி சேர்ந்துவிட்டதென்று அங்கே திருப்தியாக நிற்க முடியாது. அடுத்த கண்ணைத் தட்டியதும் முதல் கண்ணின் ஒலி நகர்ந்திருக்கும். வட்டம் முழுவதும் ஒரே ஒலி வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது வாருக்குப் பதிலாக போல்ட் பூட்டிய மிருதங்கங்களும் வந்துவிட்டன, அவற்றுக்கு ஸ்பேனரே போதும். ஆனால் மிருதங்கக்காரருக்கு எஞ்சின் பூட்டுபவனிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. தோலில் எங்கே இறுக்கம் குறைகிறது என்பது அவர் காதுக்குக் கேட்கிறது. போல்ட் எதையும் சொல்வதில்லை.

போல்ட் சொல்லாததைச் சொல்லவைக்க வந்த கருவி டார்க் ரெஞ்ச். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், பெரிய குழாய்களின் இணைப்பில் போல்ட்களை ஊழியர்கள் அளவுக்கு மேல் இறுக்குவதைத் தடுக்க 1918-ல் இதை உருவாக்கினார் என்று சொல்வதுண்டு. அதற்குள்ளும் ஒரு ஸ்பிரிங்தான் இருக்கிறது. ஒரு வில்லின் இழுப்பை இன்னொரு வில்லை வைத்து அறியும் ஏற்பாடு. எண்ணைக் குறித்துவைத்து இறுக்கினால், அந்த எண் வந்ததும் 'டக்' என்று கைக்குள் ஒரு சின்ன அடி. எட்டு போல்ட்டுக்கும் எட்டு 'டக்'. சமம் வந்துவிட்டது என்று நிம்மதியாகலாம்.

ஆகக் கூடாது. நமக்கு வேண்டியது போல்ட்டின் இழுவிசை. ரெஞ்ச் அளப்பதோ திருப்புவதற்கு எதிராக வரும் தடை. இரண்டும் ஒன்றல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலை அடியில் உரசுவதிலேயே செலவாகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரைகள் உரசுவதில் போகிறது. மிஞ்சும் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் விளைவு நிறைய மாறும். ஒரே 10 மி.மீ. போல்ட், ஒரே 60 நியூட்டன் மீட்டர். மரை துருப்பிடித்து வறண்டிருந்தால் கிடைக்கும் பிடிமானம் 2 டன் அளவுக்கு இறங்கிவிடலாம். சுத்தம் செய்து எண்ணெய் தடவியிருந்தால் அது 4 டன்னைத் தொடலாம். ரெஞ்ச் இரண்டுக்கும் ஒரே மாதிரி 'டக்' என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. கேள்விதான் வேறாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வாதத்தின் சாயல் பழக்கமானது. 1921-ல் சென்னை மாகாணத்தில் அரசு வேலைகளைப் பல வகுப்பினருக்கும் பகிர்ந்தளிக்கச் சொன்ன வகுப்புவாரி அரசாணை வந்த காலத்திலிருந்து, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் அது சமமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். போல்ட்டைக் காட்டி அந்த விவாதத்துக்குத் தீர்ப்பெழுத முடியாது. மனிதர்களை யாரும் ஒரே அச்சில் வார்க்கவில்லை, வார்க்கவும் கூடாது. ஆனால் ஒன்றை மட்டும் இரும்பு தெளிவாகக் காட்டிவிடுகிறது. முடிவில் தெரியும் எண்ணை மட்டும் பார்ப்பவர், வழியில் உராய்வு தின்றது எவ்வளவு என்பதைப் பார்ப்பதில்லை. அவருக்கு இரண்டு டன்னும் நான்கு டன்னும் ஒரே மதிப்பெண்.

இதற்கு எஞ்சின் தொழிலில் உள்ள விடை எளிமையானது, அலுப்பூட்டுவதும்கூட. இறுக்குவதற்கு முன்னால் எல்லா மரைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். போல்ட் ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளாக்கின் துளைகளில் மரை வெட்டும் டேப்பை விட்டு, பழைய கசடை எடுத்து, காற்றடித்து, மேனுவல் எண்ணெய் தடவச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், வறட்சியாகப் பூட்டச் சொன்னால் எல்லாமே வறட்சியாக. இதிலும் ஒரு பொறி உண்டு. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நின்றால், இறங்கிவரும் போல்ட் அதை அமுக்கும். திரவம் அமுங்காது, அதற்குப் போக வழியும் இல்லை. வார்ப்பிரும்பு பிளாக்கே விரிசல் விடும். மரைக்கு நல்லது செய்யும் எண்ணெய் துளையின் அடியில் நின்றால் எமன். எனவே துணியைச் சுருட்டி உள்ளே விட்டு ஒவ்வொரு துளையின் அடியையும் துடைக்க வேண்டும். வீட்டில் எஞ்சின் பூட்டும்போது நேரத்தை விழுங்குவது இந்தத் துடைப்புதான். போட்டோ எடுத்துப் போட இதில் ஒன்றும் இல்லை. சமம் பிறக்கும் இடமோ இதுதான். ரெஞ்ச் எடுக்கும் நேரத்துக்குள் பாதி நீதி வழங்கப்பட்டுவிட்டது, அல்லது மறுக்கப்பட்டுவிட்டது.

பழைய மெக்கானிக்குகளிடம் டார்க் ரெஞ்ச் பற்றிக் கேட்டால், "கைக்குத் தெரியும் சார்" என்பார்கள். ரெஞ்ச் வாங்கிய புதிதில் இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் ஸ்பேனரைச் செய்தவனும் அந்தக் கையை நம்பித்தான் செய்திருக்கிறான். 8 மி.மீ. ஸ்பேனர் குட்டையாகவும் 24 மி.மீ. ஸ்பேனர் நீளமாகவும் இருப்பது தற்செயல் அல்ல. சிறிய போல்ட்டின் மேல் கை தன் முழு பலத்தையும் காட்டிவிடாதபடி நீளத்திலேயே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஸ்பேனரில் பைப் செருகி இறுக்கும்போது உடைவது அந்த வரம்பு. கைக்குத் தெரியும் ஒன்று ரெஞ்சுக்குத் தெரியாது. சுற்று வழுக்கிக்கொண்டு வருகிறதா, கரகரவென்று வருகிறதா, நடுவில் திடீரென்று மெத்தென்று ஆகிறதா. அந்த மெத்தென்ற உணர்வு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மரை பிடுங்கிக்கொண்டு வருகிறது, அல்லது போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய தன் மீட்சி எல்லையைத் தாண்டுகிறது. எண்ணுக்காகக் காத்திருக்கும் ரெஞ்சுக்கு அது கேட்பதில்லை, எண் வராததால் இன்னும் திருப்பத்தான் சொல்லும். அதேசமயம் எட்டு போல்ட்டும் சமமா என்று கேட்டால் கையின் ஞாபகம் நம்பக்கூடியதல்ல. எட்டாவதுக்கு வரும்போது தோள் களைத்திருக்கும், களைத்த தோளுக்குக் குறைந்த இறுக்கமே அதிகமாகத் தோன்றும். ரெஞ்ச் களைப்பதில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்றைய எஞ்சின்களில் பல இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்துவிட்டன. முதலில் எல்லா போல்ட்டையும் குறைந்த அளவுக்கு இறுக்கிவிட்டு, பிறகு ரெஞ்சின் எண்ணை மறந்துவிடச் சொல்கிறது மேனுவல். ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்பு, மறுபடி 90 டிகிரி திருப்பு. உராய்வு எவ்வளவு இருந்தாலும் கால் சுற்றுக்கு மரை முன்னேறும் தூரம் மாறாது. 1.5 மி.மீ. புரி கொண்ட மரையில் அது 0.375 மி.மீ. எனவே கோணம் ஏமாற்றுவதில்லை. அதோடு இந்த போல்ட்களை மீட்சி எல்லைக்குச் சற்று அப்பாலும் கொண்டுபோகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிய இரும்பு, மேலும் நீட்டினாலும் இழுவிசையை அதிகம் கூட்டுவதில்லை. ஒரு போல்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியிருந்தாலும் எட்டும் கிட்டத்தட்ட ஒரே இழுவிசையில் வந்து நிற்கின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான தீர்வு. விலை என்னவென்றால் அந்த போல்ட்கள் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பலவற்றை ஒருமுறை பூட்டிக் கழற்றினால் எறிந்துவிட வேண்டியதுதான். திரும்பி வரும் ஆற்றலைக் கொடுத்துச் சமத்தை வாங்கியிருக்கின்றன.

பழைய எஞ்சின்களின் மேனுவலில் இன்னொரு வரி இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சினை ஆறவிட்டு, ஹெட் போல்ட்களை மறுபடி இறுக்கவும். அந்தக் காலத்துக் கேஸ்கெட் சூட்டிலும் அழுத்தத்திலும் மேலும் படியும், படிந்தால் இறுக்கம் குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிலும் முறை உண்டு. எல்லாவற்றையும் ஒருசேரத் தளர்த்தக் கூடாது. வரிசைப்படி ஒரு போல்ட்டை மட்டும் சிறிது தளர்த்தி, உடனே உரிய அளவுக்கு இறுக்கி, அதன்பிறகே அடுத்தது. பல அடுக்கு எஃகுத் தகட்டால் ஆன இப்போதைய கேஸ்கெட்டுகளுக்கு இந்த இரண்டாம் சந்திப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பூட்டினால் பூட்டியதுதான்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் எஞ்சினுக்குப் புதியதுதான் மேல், சந்தேகமே இல்லை. கற்றுக்கொள்பவனுக்கு நான் பழையதைத்தான் கொடுப்பேன். சமம் என்பதை ஒரே நாளில் சாதித்துவிட்டுக் கையைக் கழுவலாம் என்று புதிய போல்ட் அவனுக்குச் சொல்லிவிடும். பழையது அப்படிச் சொல்லாது. எட்டையும் ஒரே அளவில் நிறுத்தியதாக நீ நம்பும் நாளுக்குப் பிறகும், ஓடிய தூரத்தில் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறாக இழந்திருக்கும், திரும்பப் போய் நடுவிலிருந்து தொடங்கு என்று சொல்லும்.